வேலூர்ப் பக்கம் வண்டியிலேயே இரவு தங்க எங்கே போகலாம்?

சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வேனுக்குள் படுக்கை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். டெம்போ டிராவலரைப் பிரித்துக் கட்டில், தண்ணீர்த் தொட்டி, சின்ன அடுப்பு என்று எல்லாம் பொருத்தியவர்களும் உண்டு. பழைய ஆம்னியின் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்தவர்களும் உண்டு. இரு வகையினரும் வேலூரில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: காட்டோரமாக, கண்ணுக்கு அழகாக, காசு கொடுக்காமல் இரவு வண்டியை நிறுத்தித் தூங்க இடம் எங்கே?

காடு, இரவு, இலவசம் ஆகிய மூன்றும் இந்த வட்டாரத்தில் ஒரே இடத்தில் கிடைக்காது. எந்த இரண்டு வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். காடும் இலவசமும் வேண்டுமென்றால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். இரவும் இலவசமும் வேண்டுமென்றால் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் இருக்கிறது, கோயில் அடிவாரம் இருக்கிறது. காட்டின் அருகே இரவைக் கழிக்க வேண்டுமென்றால் யாருக்காவது கொஞ்சம் பணம் கொடுத்தாக வேண்டும். என்னைக் கேட்டால் இந்த மூன்றாவது வழிதான், அதிலும் ஜவ்வாது மலைதான் என்பேன். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. ஆகையால் மற்ற இடங்களையும் நியாயமாகப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு நிர்வாக விவரம். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூரின் பங்காக வந்தது 2019-இல் மறுபடியும் மூன்றாகியது. எங்கள் பேச்சில் எல்லாம் இன்னும் வேலூர்ப் பக்கம்தான். ஆனால் அமிர்தி வேலூர் மாவட்டத்திலும், ஏலகிரியும் ஜவ்வாது மலைமேல் உள்ள காவலூரும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், அதே மலையில் உள்ள ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்திலும் இருக்கின்றன. அனுமதி கேட்டுக் கிளம்புகிறவர் வேறு மாவட்டத்து வன அலுவலகத்தின் வாசலில் அரை நாள் நிற்காமல் இருக்க இது உதவும்.

காப்புக்காடு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அமிர்தி. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சிறியதொரு வன உயிரியல் பூங்கா, நல்ல மழைக்குப் பிறகு ஓர் அருவி, சுற்றிலும் மரங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பகலில் போய்வர இதைவிட நல்ல இடம் வேலூருக்கு அருகில் இல்லை. மாலையில் பூங்காவை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கே வண்டியோடு உங்களுக்கு என்ன வேலை என்று வனக்காவலர் கேட்பார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் கிடையாது.

பாலமதியின் கதையும் இதுதான். ஓட்டேரியைத் தாண்டி மலைமேல் ஏறினால் வேலூர் நகரம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் அந்தக் காட்சியை விட்டு வர மனம் வராது என்பது உண்மைதான். ஆனால் அது காப்புக்காடு, அதாவது அரசு சட்டப்படி ஒதுக்கிப் பாதுகாக்கும் காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது என்பதற்காக அதன் பல் ஒன்றும் விழுந்துவிடவில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம், தீ மூட்டுவது இன்னும் பெரிய குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகு கெடுபிடி கூடியது. அதே ஆண்டிலேயே மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. "சாலையில்தானே நிற்கிறேன், காட்டுக்குள் கால் வைக்கவில்லையே" என்று வாதாடிப் பார்க்கிறவர்கள் உண்டு. காட்டுக்கு நடுவே போகும் சாலை போவதற்கும் வருவதற்கும்தான். நள்ளிரவில் எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு வளைவான சாலையில் கீழே இறங்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

மூன்றாவது, குடியாத்தம் அருகே உள்ள மோர்தானா அணை. படத்தில் பார்த்தால் உடனே மூட்டை கட்டத் தோன்றும்: மூன்று பக்கமும் மலை, நடுவில் நீர், ஆள் நடமாட்டம் குறைவு. அந்த மலைகளுக்கு அப்பால் ஆந்திரத்தின் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. 1980-களில் தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்து நகர்ந்த யானைகள் அங்கே தங்கிவிட்டன. 1990-இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். யானைக்கு மாநில எல்லை தெரியாது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து மாந்தோப்புக்காரர்களைக் கேட்டால் இரவில் பட்டாசு வெடித்து விரட்டிய கதைகளைச் சொல்வார்கள். யானையோடு நின்றுவிடவில்லை. 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் அருகே ஓர் இளம்பெண் சிறுத்தை தாக்கி இறந்துபோனார். அதே ஆண்டு ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே ஒரு சிறுத்தை புகுந்து, பள்ளி வளாகம் வரை போய்விட்டது. கதவைச் சாத்திக்கொண்டால் வேன் பத்திரம்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்கக் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும்?

ஆகவே காப்புக்காட்டில் இரவு தங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பகலில் பாருங்கள், போதும்.

பெட்ரோல் பங்க்கும் கோயில் அடிவாரமும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை லாரிகள் இரவில் ஒதுங்கும் பெரிய பங்க்குகள் பல இருக்கின்றன. டீசல் போட்டுவிட்டு, "காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவோம், ஓரமாக நிறுத்திக்கொள்ளலாமா அண்ணா?" என்று பொறுப்பாளரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். விளக்கு எரியும், கேமரா இருக்கும். கழிவறை, குடிநீர், டயருக்குக் காற்று ஆகியவற்றை இலவசமாகத் தர வேண்டியது பங்க்குகளின் கடமை. செலவு என்று பார்த்தால் இதுதான் முதலிடம். இரவு பத்து மணிக்கு ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறவருக்கு வேறு என்ன வேண்டும்?

அமைதி வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள். லாரி ஏர்பிரேக்கின் சீறல் விடிய விடியக் கேட்கும். காட்சி என்று சொல்ல எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு: பங்க் வளாகத்தில் அடுப்பைப் பற்ற வைக்கவே கூடாது. தேநீர்தானே என்று நினைத்துத் தீக்குச்சியை எடுத்தவரை ஊழியர்கள் விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விரட்டியதுதான் சரி. சாலையோரத் தோள்பகுதியில், டோல்கேட்டுக்குச் சற்று முன்னால், மேம்பாலத்தின் இறக்கத்தில் நிறுத்தித் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. தூக்கம் சொக்கும் ஓட்டுநர் பின்னால் வந்து மோதுவதற்கு நின்றுகொண்டிருக்கும் வண்டியைவிடத் தோதான இலக்கு இல்லை.

நகருக்குள் நிறுத்துவது பற்றி ஒரு வரி போதும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளிகளை ஏற்றிவரும் ஓட்டுநர்கள் வண்டியிலேயே படுத்திருப்பதை வேலூர் பல காலமாகப் பார்த்துவருகிறது. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர்கள் வேறு வழியில்லாமல் படுத்திருக்கிறார்கள். சுற்றுலா வந்தவர் அந்த நெருக்கடிக்குள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கோயில் அடிவாரம் இதைவிட மேல். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் பொன்னை போகும் வழியில் இருக்கும் வள்ளிமலையைச் சொல்வேன். வள்ளி தினைப்புனம் காத்த மலை என்று ஊர் சொல்கிறது. அருணகிரிநாதர் பாடிய தலம். அதே குன்றில் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணக் குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. மலையின் ஒரு பக்கம் முருகன், இன்னொரு பக்கம் மகாவீரர். இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். சாதாரண நாளில் அடிவாரத்துத் தெருவில் பூக்கடைக்காரரிடமோ பூசாரியிடமோ கேட்டு வண்டியை நிறுத்தலாம். கிருத்திகை நாட்களிலும் மாசித் தேர்த்திருவிழாவிலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். வண்டியை உள்ளே கொண்டுபோனால் வெளியே எடுக்க முடியாது. அங்கே தங்குகிறவர் முட்டை, இறைச்சி, மது எதையும் வண்டியிலிருந்து இறக்கக் கூடாது என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வள்ளிமலையின் குறை வெயில். அடிவாரம் சமவெளி, பின்னால் வெறும் பாறை. பாறை பகலெல்லாம் குடித்த வெப்பத்தை நள்ளிரவு வரை திருப்பித் தரும். வேலூரை வெயிலூர் என்று கேலி பேசுகிறவர்களை எங்களால் மறுத்துப் பேச முடியாது; மே மாதத்தில் இங்கே 40 டிகிரிக்கு மேல் போகாத நாள்தான் செய்தி. தகரக் கூடான வேனுக்குள் மார்ச் முதல் ஜூன் வரை சமவெளியில் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் தூங்கிப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

எனவே உண்மையான போட்டி இரண்டு மலைகளுக்கு இடையில்தான்.

ஏலகிரியா, ஜவ்வாதா?

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். ஜோலார்பேட்டை அருகே உள்ள பொன்னேரியிலிருந்து மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். பஸ் ஏறும் சாலைதான், ஆகவே டெம்போ டிராவலருக்குச் சிரமமில்லை. மேலே புங்கனூர் ஏரி, படகு, பூங்கா, ஹோட்டல்கள், மருந்துக்கடை எல்லாம் இருக்கின்றன. கூடாரம் போடவும் வண்டி நிறுத்தவும் இடம் தரும் தனியார் விடுதிகள் பல உண்டு. காசு கொடுத்தால் கழிவறை, வெந்நீர், மின் இணைப்பு, காவலாளி. சுவாமிமலை உச்சிக்கு நடக்க விரும்புகிறவர்கள் வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். அந்தத் திட்டம் 2024-இல் தொடங்கியது.

முதன்முறையாக வண்டியில் தங்கப் போகிறவர்கள், சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள், வீட்டுப் பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் ஏலகிரிக்கே போகட்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கீழே ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் அருகில் இருக்கின்றன. எங்கோ ஒரு மேட்டில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் ஏலகிரியை முதலிடத்தில் வைக்கவில்லை? சனி, ஞாயிறு இரவுகளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு விடுதியில் கிட்டார், அடுத்ததில் டி.ஜே., மூன்றாவதில் அலுவலகக் கூட்டத்தின் விளையாட்டுப் போட்டி. பெங்களூருவிலிருந்து தப்பித்து வந்தவர்கள் பெங்களூருவையே உடன் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரங்களில் பாதி காணாமல் போய்விடுகின்றன. வாரநாளில் போனால் நிலைமை வேறு. செவ்வாய், புதன் கிழமைகளில் ஏலகிரி இன்னும் பழைய ஏலகிரிதான். ஆனால் வார இறுதிக்கு மட்டுமே விடுப்புக் கிடைக்கிறவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

இலவசமாக ஏரிக்கரையில் நிறுத்திவிடலாம் என்று சிலர் போகிறார்கள். பகலில் பார்க்கிங் கட்டணம் வாங்கும் இடங்கள் அவை. இரவில் அங்கே நின்றால் உள்ளூர்க்காரர்களோ போலீசாரோ வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். கட்டணத்தைக் கொடுத்து ஒரு தோட்டத்துக்குள் போய்விடுவது மேல்.

ஜவ்வாது மலை வேறு மாதிரி. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர், அப்படியே உள்ளே போனால் ஜமுனாமரத்தூர். போளூர்ப் பக்கமிருந்தும் ஒரு மலைப்பாதை ஏறுகிறது. செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. இங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தைத் தேட வேண்டாம், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த தமிழர்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை. சாமை, தேன், புளி, பலா, நெல்லி, சீத்தாப்பழம் என்று மலை விளைச்சல் எல்லாமே உண்டு. வாங்கிக்கொண்டு போனால் வீட்டிலிருப்பவர்களின் கோபம் பாதி தணியும்.

காவலூரின் பெருமை இருட்டு. வைணு பாப்பு வான் ஆய்வகம் இங்கே இருப்பதற்கு அதுவே காரணம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், நகர வெளிச்சம் எட்டாத தூரம், பூமத்திய ரேகைக்கு ஓரளவு நெருங்கிய இடம் என்பதால் தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். 1960-களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கி, 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-இல் கண்டறிந்ததில் இந்த மலைக்கும் பங்கு உண்டு. 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். வானியலாளர்கள் தேடி வந்து உட்கார்ந்த இருட்டை நாம் ஓர் இரவு சும்மா அனுபவிக்கலாம் என்பது எவ்வளவு பெரிய சலுகை! சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். நேரத்தைக் கிளம்பும் முன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆய்வகத்தின் அக்கம்பக்கத்தில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். நம் ஹெட்லைட்டின் ஒரு வீச்சு, உள்ளே பல மணி நேரமாக நடக்கும் வேலையைக் கெடுத்துவிடும்.

அப்படியானால் எங்கே நிறுத்துவது? பட்டா நிலத்தில். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஜவ்வாது மலை முழுவதும் காடு இல்லை. காட்டுக்கு நடுவே ஊர்களும் வயல்களும் களங்களும் சிதறிக் கிடக்கின்றன. அறுவடை முடிந்துவிட்டால் களம் சும்மாதான் இருக்கும்: சமமான தரை, சுற்றிலும் திறந்த வெளி, வீடு கூப்பிடு தூரத்தில். அந்தக் களத்துக்காரர் சரி என்று சொல்லிவிட்டால் வனத்துறைக்கும் ஆட்சேபம் இருக்காது, போலீசுக்கும் இருக்காது.

கேட்காமல் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மலையின் வரலாற்றையே பார்க்க வேண்டும். சந்தன மரத்துக்குப் பெயர்போன மலை இது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருப்பது அதனால்தான். சந்தனம் என்றால் கடத்தலும் கூடவே வரும். உள்ளூரில் மரம் தீர்ந்த பிறகு, கூலிக்கு ஆள் பிடித்துச் செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்கு அனுப்பும் தரகர்கள் இரவில் வேன்களில் வந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். திரை போட்ட ஒரு வேன் இருட்டில் ஊரோரமாக வந்து நின்றால் மலைவாசிகளின் மனத்தில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். சோதனைச்சாவடியில் வண்டியைத் திறந்து பார்க்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறவர்களும் இதை யோசிக்கலாம்.

பொழுது இருக்கும்போதே போய்ச் சேருங்கள். நான்கு மணி என்றால் நல்லது, ஐந்தைத் தாண்ட வேண்டாம். தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் ஊர்ப் பெரியவர் யார் என்று தெரிந்துவிடும். "ஐயா, குடும்பத்தோடு வந்திருக்கிறோம். இன்று ஓர் இரவு உங்கள் களத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாமா?" என்று கேட்டால் போதும். வண்டியைத் திறந்து காட்டுங்கள். பிள்ளைகள் ஏறிப் பார்க்கட்டும். நம் ஊரில் கேரவன் என்றாலே உள்ளே நடிகர் இருப்பார் என்று கூட்டம் கூடும். உள்ளே அடுப்பும் போர்வையும்தான் என்று தெரிந்ததும் அந்தக் கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்துவிடும், சந்தேகமும் கூடவே போய்விடும்.

பணம் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்து அப்படியே விட்டுவிடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. லட்சக்கணக்கில் செலவழித்து வண்டியை மாற்றியமைத்தவர் சாமைக் களத்தின் சொந்தக்காரரிடம் இலவசம் தேடுவது அழகாக இல்லை. ஐந்நூறு ரூபாயாவது கொடுங்கள். கையில் வாங்கத் தயங்கினால் அவர்கள் வீட்டுத் தேனையோ சாமையரிசியையோ கேட்ட விலைக்கு வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். இரவு உணவு அவர்கள் வீட்டிலேயே கேட்கலாம்; களியும் கீரையும் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கைபேசி சிக்னல் பல இடங்களில் வராது. ஆஸ்பத்திரி என்றால் மலையிறங்கித்தான் பெரிய சிகிச்சை. கரடி உண்டு, பலா பழுக்கும் மாதங்களில் பலாமரத்தடியில் வண்டியை நிறுத்துவது கரடிக்கு இலை போட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம். மீந்த சோறு, பழத்தோல் எதையும் வெளியே வைக்காதீர்கள். இருட்டில் இறங்கினால் செருப்புக்குப் பதில் ஷூ, கையில் டார்ச்.

பெரிய சிக்கல் கழிவறை. ஏலகிரியில் விடுதிக்காரர் பார்த்துக்கொள்வார், பங்க்கில் இருக்கிறது, ஜவ்வாதில் எதுவும் இல்லை. இலவச இரவுத் தங்கலுக்கென்றே 2011-இல் சட்டம் போட்ட நியூசிலாந்தில்கூட, 2023-இல் அதைத் திருத்தி, பொதுவாக வண்டிக்குள் கழிவறை பொருத்தியிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அங்கேயே அந்த நிலை என்றால், ஓடையில்தான் ஊரே தண்ணீர் எடுக்கும் இடத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்! கையடக்கக் கழிவறைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, கீழே இறங்கிய பிறகு முறையான கழிவறையில் காலி செய்யுங்கள். அதற்கு மனமில்லாதவர்கள் ஏலகிரிக்குப் போவதே நல்லது.

எந்த மாதம், எந்த வண்டி

காவலூரில் வானம் தெளிவாக இருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. காட்டுத்தீ பயம் பிப்ரவரியிலிருந்து மே வரை. ஜூனுக்குப் பிறகு மேகம், அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை, மலைப்பாதையில் மண்சரிவு. கூட்டிக் கழித்தால் தை மாதம்தான் மிஞ்சுகிறது: மழை நின்று, காடு இன்னும் பச்சையாக, வானம் துடைத்துவைத்தது போல. தை அமாவாசையை ஒட்டிய இரவுகள் இன்னும் நல்லது. குளிர் கடுமையாகவே இருக்கும், கம்பளி இல்லாமல் போக வேண்டாம். கோடைவிழாச் சமயத்தில் இரண்டு மலைகளிலுமே கூட்டம் நெரியும். மழைக்காலத்தில் பாலாற்றின் மணற்படுகையில் வண்டியை இறக்குகிறவர்கள், ஆண்டெல்லாம் வறண்டு கிடக்கும் அதே பாலாறு 2021 நவம்பரில் எப்படிப் பெருக்கெடுத்தது என்று கரையோரத்து ஊர்களில் விசாரித்துவிட்டு இறக்கட்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை அனுமதிப்பதில்லை. இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் பொருத்துவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது. 2023-இல் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவைத் தனிப் பிரிவாகச் சேர்த்திருக்கிறது. கொள்கை வந்துவிட்டது, வேலூர்ப் பக்கம் நிறுத்துமிடம்தான் இன்னும் கண்ணில் படவில்லை.

எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு மணம் இல்லை, விழிப்பும் தட்டாது. மலைக்குளிரில் எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிட்டு உள்ளே அடுப்பெரிக்கும் பழக்கமும் இதே வகைதான். ஐந்து கிலோ சிலிண்டர் ஒன்று போதும். சமையலை வெளியே வைத்துக்கொண்டு, படுக்கும்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். இரண்டு ஜன்னல்களை விரல் அளவு திறந்து கொசுவலை கட்டுங்கள்.

நெடுஞ்சாலையில் போகும் வழியில் கண்ணயர மட்டும் இடம் வேண்டுமென்றால் பங்க். குகையும் கோயிலும் பார்க்க வேண்டுமென்றால், குளிர்காலத்தில், கிருத்திகை அல்லாத நாளில் வள்ளிமலை. குடும்பத்தோடு முதல் பயணமென்றால் வாரநாளில் ஏலகிரி. வண்டியில் தூங்கிப் பழகி, கழிவறைப் பெட்டியும் கம்பளியும் வைத்திருந்து, முன்பின் தெரியாதவரிடம் பணிவாகப் பேச வருமென்றால் ஜவ்வாது. அப்படிப் போகிறவர்கள் டீசல், குடிநீர், பால், பணம் எல்லாவற்றையும் ஆலங்காயத்திலேயே முடித்துக்கொண்டு, மதியம் இரண்டு மணிக்குள் மலையேறத் தொடங்குங்கள். ஆள் எங்கே போகிறார் என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்வதாக இருந்தாலும் ஆலங்காயத்திலேயே சொல்லிவிடுங்கள். மேலே போன பிறகு சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது.